மடைக்குழியில் ஏழு கெண்டை

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வலை பின்னிப் பழகிய விரலுக்குப் பென்சில் அடங்குவதில்லை. வரி மேலே ஏறும், கீழே இறங்கும். மூன்று சுழி எங்கே, இரண்டு சுழி எங்கே என்று இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. டீச்சரைப் பற்றிப் புத்தகம் போடப்போகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்க வந்த கல்லூரிப் பெண், "எப்பிடி எழுதினாலும் நாங்க திருத்திக்கிறோம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனது. எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். எழுதியிருக்கும் விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நான் எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்கிறவன். ஊர் சுருளிப்பட்டியிலிருந்து கொஞ்ச தூரம். கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் உத்தமபாளையத்துக்காரர், ராவுத்தர் வீட்டு ஆள். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கூலிக்கு வலை போடுகிறேன். டீச்சர் கல்லூரியில் பாடம் எடுத்தவர். கண்மாயிலும் ஓடையிலும் உள்ள நல்ல தண்ணீர் மீன்களை ஆராய்ச்சி செய்தவர். டாக்டர் பட்டமும் உண்டு. ஆனால் டாக்டரம்மா என்று கூப்பிட்டால் சளி இருமலுக்கெல்லாம் வந்து நிற்கிறார்கள் என்று, டீச்சர் என்றே கூப்பிடச் சொல்லிவிட்டார்.

முதல்நாள் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. கரையில் மீனைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். ரோகு ஒரு பக்கம், கட்லா ஒரு பக்கம், ஜிலேபி ஒரு பக்கம். விரல் நீளம்கூட இல்லாத பொடிமீனை ஓரத்தில் தள்ளியிருந்தோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோளில் துணிப்பையும் கையில் வாளியுமாக ஒரு அம்மா வந்து, நேராக அந்தப் பொடிமீன் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"இத நான் எடுத்துக்கிறலாமா?"

பாய் சொன்னார்: "அது கோழிக்குப் போடுறதும்மா. குழம்புக்குன்னா இங்கன வாங்க, உசுரோட ரோகு கிடக்கு."

"எனக்கு விலைக்குப் போகாததுதான் வேணும்."

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். "பாய், இப்பிடி ஒரு ஆளு கிடைச்சா விட்றாதீக" என்றான் ஒருவன். அந்த அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. ஒவ்வொரு மீனாக எடுத்து அளவுகோலில் வைத்தார். எந்த இடத்தில் பிடித்தது, எந்த வலை, எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான் பாயைப் பார்த்தேன். வெளியாட்கள் முன்னால் எனக்கு வாய் வராது.

"வலை போட்டது நீங்கதானண்ணே? நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் 'சொன்னவர்' என்று போட்டு, அதற்கு எதிரே என் பெயர். ரேஷன் கார்டில் என் பெயர் இருக்கிறது. ஓட்டு லிஸ்ட்டிலும் இருக்கிறது. ஆனால் என் வாயிலிருந்து வந்த ஒன்றை, இன்னார் சொன்னார் என்று அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.

அதன்பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை டீச்சர் வருவது வழக்கமாகிவிட்டது. கம்பத்தில் பஸ் மாறி எட்டு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுவார். நான் பரிசலோடு நிற்பேன். அவருக்கு நீச்சல் தெரியாது. பரிசலைச் சுற்றி லாரி டியூப்பைக் கட்டினால்தான் ஏறுவார். "நீச்சல் தெரியாமயா தண்ணில வேலை?" என்று பாய் கேலி செய்வார். "மீனுக்குத் தெரியும்ல பாய், அது போதும்" என்பார் டீச்சர்.

கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த ஒரு தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அங்கே கயிற்றைப் பிடித்து அளப்பார். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்ப்பதற்கு அது. பிறகு என்னையும் இறக்கச் சொல்வார். என் கண்ணுக்கு அவரைவிடக் கொஞ்சம் ஆழம் வரை தெரியும்.

"உங்களுக்கு நாலு விரக்கடை கூடத் தெரியுதுண்ணே" என்று இரண்டையும் எழுதுவார்.

"இதுல எது டீச்சர் சரி?"

"ரெண்டும்தான். அவுகவுக கண்ணுக்குத் தெரிஞ்சது."

எழுதுவது எப்போதும் பென்சிலில்தான். பேனா தண்ணீர் பட்டால் ஓடிவிடும், பென்சில் நிற்கும். பென்சில் இருந்ததே தவிர ரப்பர் கிடையாது. ஒருமுறை நான் தப்பாகச் சொல்லிப் பதினாலு என்று எழுதிவிட்டார். அது பதினேழு. என் மகள் பையிலிருந்து ரப்பர் கொண்டுவந்து கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லி, பதினாலுக்குக் குறுக்கே மெல்லிசாக ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பதினேழு என்று எழுதி, தேதி போட்டார்.

"தப்பையும் நாளைக்கு ஒருத்தர் படிக்கணும்ணே. நம்ம எங்க தப்பு விட்டோம்னு தெரிய வேணாமா? தேதி இல்லாம மட்டும் எதையும் எழுதிறக் கூடாது."

இந்தக் கடிதம் முழுதும் குறுக்குக் கோடுகள் கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

டீச்சரின் நோட்டில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு கட்டம் பொட்டுக்கெண்டைக்கு. சுண்டுவிரல் அளவு இருக்கும் அந்த மீன். வாலுக்குச் சற்று முன்னால் கறுப்பாக ஒரு பொட்டு, செவுளுக்குப் பின்னால் லேசாகச் சிவப்பு. விலைக்குப் போகாது. எங்கள் கண்மாயில் ஒரு காலத்தில் நிறையக் கிடந்தது. டீச்சர் வந்த பிறகு ஒன்றுகூட அகப்படவில்லை. மாதாமாதம் அந்தக் கட்டத்தில் சைபர் போடுவார். மற்ற எண்களை எழுதுகிற அதே நிதானத்தோடு, வட்டம் சரியாக வந்து சேருகிற மாதிரி போடுவார்.

"இல்லாத மீனுக்கு எதுக்கு டீச்சர் ஒரு கட்டம்? அதுல விராலையாவது எழுதலாம்ல" என்றார் பாய்.

"சைபர்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல பாய். தேடினோம், கிடைக்கலைன்னு அர்த்தம். எழுதாம விட்டா, தேடவே இல்லைன்னு ஆயிரும்."

தனக்குப் பாதகமாக இருந்தாலும் எழுதிவிடுவார். அதற்கு ஒரு கதை உண்டு. ஜிலேபி மற்ற மீன்களின் முட்டையைத் தின்று அழிக்கிறது என்று டீச்சர் பாயிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஜிலேபிக் குஞ்சு விடாதீர்கள் என்று கெஞ்சாத மாதம் இல்லை. ஒருநாள் கரையில் உட்கார்ந்து முப்பத்தாறு ஜிலேபியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் பாசியும் சேறும்தான். ஒரு முட்டைகூட இல்லை. வேறு யாராவது என்றால் நோட்டை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். டீச்சர் கையைக் கழுவிவிட்டு, பாயைத் தேடிப்போய்ச் சொன்னார்.

பாய்க்குக் கொண்டாட்டம். "ஏன் டீச்சர், அப்ப எங்க ஜிலேபி நிரபராதியா?"

"இந்த முப்பத்தாறும் நிரபராதி. மத்ததப் பத்தி எனக்குத் தெரியாது."

ஒரு வருஷம் அதைச் சொல்லியே கேலி செய்தார் பாய். டீச்சரும் கூடவே சிரிப்பார். ஆனால் அந்த வருஷத்திலிருந்து கண்மாயைப் பற்றி டீச்சர் எது சொன்னாலும் பாய் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டார். இதையும் நான் சொல்ல வேண்டும்.

அவர் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வேதக்காரக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் இருந்தார். பரிசலில் ஏறும்போது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார், அது நீச்சல் தெரியாததற்காக. பேசாமல் உட்கார்ந்திருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவந்தது. மூன்று மணி நேரத்தில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். வீட்டில் என் சம்சாரம், "உங்க டீச்சர் வர்ற சனிக்கிழமைன்னா சட்டையத் தேய்க்கச் சொல்றீக" என்று குத்திக் காட்டுவாள். அவள் சொன்னது பொய்யில்லை.

கண்மாய் வேலை முடிந்ததும் மடுவுக்குப் போவோம். மலையடிவாரத்தில் ஓடை இறங்குகிற இடத்தில், மருத மர நிழலில் ஒரு மடு. கோடையிலும் வற்றாது. பொட்டுக்கெண்டை மிச்சம் இருந்தது அங்கே மட்டும்தான். அங்கே டீச்சர் வலை போட விடமாட்டார். பாறைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணாலேயே எண்ணுவார். நாற்பது என்பார், அடுத்த மாதம் ஐம்பது என்பார். இலைச் சருகு அடியில் கிடந்து அழுகுகிற தண்ணீர் அது. மடுவில் கிடக்கிற மீனுக்கெல்லாம் முதுகு கறுத்திருக்கும்.

அந்த மடுவைத் தோண்டிப் பெரிதாக்கித் தடுப்பணை கட்ட வேண்டும் என்று தோட்டக்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கிணறெல்லாம் அடியைத் தொட்டுவிட்டது, திராட்சைக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. இந்த மீன் மிச்சம் இருப்பது இந்த ஒரு மடுவில்தான், அணையை ஓடையில் இன்னும் கீழே தள்ளிக் கட்டுங்கள் என்று டீச்சர் ஆபீசுக்கு எழுதினார். வேலை நின்றது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அதற்குமுன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் கண்மாய் வற்றிக் குட்டையாகிவிட்டால், சாகக் கிடக்கிற விராலையும் அயிரையையும் குடத்தில் அள்ளிக்கொண்டுபோய்த் தோட்டத்துக் கிணற்றில் விட்டுவைப்பது எங்கள் வழக்கம். மழை பெய்து கண்மாய் பெருகியதும் எடுத்துத் திருப்பி விடுவோம். எங்கள் அய்யா செய்தார், நானும் செய்கிறேன். ஒரு தண்ணீர் மீனை இன்னொரு தண்ணீரில் விடுவதை நாங்கள் யாரும் தப்பாக நினைத்ததில்லை. டீச்சர் இதைக் கேள்விப்பட்டதும் நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டார். தானாக வந்ததா, விட்டதா என்று கேட்கிற கட்டம். "விட்டா விட்டதுன்னு சொல்லிருங்கண்ணே. விடுறது தப்பில்ல. சொல்லாம இருக்கிறதுதான் கஷ்டம்" என்றார்.

ஒரு சமயம் டீச்சர் இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தபோது தலையைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தார். புருவம் உதிர்ந்திருந்தது. பாய் ஏதோ கேலி பேச வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். வராத இரண்டு மாதமும் நான் சனிக்கிழமை தவறாமல் வலை போட்டு எண்ணி, என் மகளின் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளைக் கிழித்து அப்படியே தன் நோட்டில் ஒட்டிக்கொண்டார் டீச்சர். நான் எண்ணியது சரிதானா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அன்றைக்குப் பரிசலில் அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. பொட்டுக்கெண்டைக் கட்டத்துக்கு வந்தபோது பென்சிலை மடியில் வைத்துவிட்டார்.

"சைபராப் போட்டுப் போட்டுக் கை சலிச்சுப் போச்சுண்ணே. ஒண்ணாவது எழுதிட்டுப் போனா நல்லாருக்கும்."

'போனா' என்ற சொல்லைத்தான் வீடு போகிற வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன்.

அடுத்த மாதம், டீச்சர் வருவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை பகலில் கொசுவலைத் துண்டும் பிளாஸ்டிக் குடமும் எடுத்துக்கொண்டு மடுவுக்குப் போனேன். ஒன்பது பொட்டுக்கெண்டை பிடித்தேன். குடத்து வாயில் ஈரத்துண்டைக் கட்டி வண்டியில் வைத்து மெதுவாக ஓட்டிவந்தேன். வீட்டில் என் சம்சாரம் குடத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அது?"

"மீனு."

"திங்கிற மீனா?"

"இல்ல."

"அப்ப டீச்சர் மீனு" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

விடிந்து பார்த்தபோது இரண்டு செத்து மிதந்தது. மீதி ஏழு. கண்மாய் மடையின் உள்பக்கம் கல் கட்டிச் சதுரமாக ஒரு குழி உண்டு. மடைக்குழி என்போம். பொடிமீன் ஒதுங்குகிற இடம். டீச்சர் கடைசியாகக் கைவலை போட்டுப் பார்ப்பது அங்கேதான். ஏழையும் அதில் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் பரிசலை அவிழ்க்கப் போனேன்.

கைவலையைத் தூக்கியதும் டீச்சர் தண்ணீர் நிறைத்த வாளியில் வலையை மெதுவாகக் கவிழ்த்தார். குனிந்து பார்த்தார். தலைத்துணி நழுவி வாளிக்குள் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"எங்க போயிருந்தீக இத்தன நாளா?" என்றார் மீன்களைப் பார்த்து. பிறகு ஒவ்வொன்றாக ஈரக் கையில் எடுத்து அளந்து, எழுதி, மடைக்குழியிலேயே விட்டார். அந்தக் கட்டத்தில் ஏழு என்று போட்டார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்கு முன்ன இங்கன பாத்தீகளா?"

"இல்ல டீச்சர்."

"யாரும் கொண்டாந்து விட்ருப்பாகளோ?"

"தெரியல டீச்சர்."

எழுதிக்கொண்டார். பாயைக் கூப்பிட்டுச் சொன்னார். பாய் கடைக்கு ஆள் அனுப்பி எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு டீச்சர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அதைப் பார்த்தபோது, செய்தது சரிதான் என்று நினைத்தேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த வாரமே டீச்சர் ஆபீசுக்கு இன்னொரு கடிதம் எழுதிவிட்டார். மடுவில் மட்டும்தான் உண்டு என்று முன்பு எழுதியிருந்தேன், இப்போது கண்மாயிலும் ஏழு மீன் பார்த்தேன், ஆகவே முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன் என்று. யாரும் கேட்காமல் அவராகவே எழுதினார்.

இது எனக்குத் தெரிந்தது பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நடந்த கூட்டத்தில்தான். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். தோட்டக்காரர்கள் நாற்பது பேர் இருக்கும். அதிகாரி கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "இது நீங்க எழுதினதுதானம்மா?" என்றார்.

"ஆமா. நான்தான் எழுதினேன். ஏழு மீனு. என் கையால அளந்தேன்."

ஒரு திராட்சைத் தோட்டக்காரர் எழுந்து நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், ஒங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒங்க மீனுக்குக் கண்மாய் இருக்கு. எங்க கொடிக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

டீச்சர் அதிகாரி பக்கம் திரும்பினார். "ஏழு மீனுங்கிறது ரொம்பக் கம்மி. இன்னும் ஆறு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு கேட்டுக்கிறேன். ஆனா கண்மாய்ல இல்லைன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். நாலு பேர் இருந்தால் எனக்கு டீ வேண்டும் என்றுகூடச் சொல்ல வராது. ஆனால் அன்றைக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. நாற்பது பேர் முன்னால், டீச்சர் முகத்துக்கு நேரே, நான் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். கூட்டம் கலைந்த பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கூட்டம் கலைந்தது. டீச்சரைப் பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன்.

"எதுக்கு டீச்சர் அவுகளுக்கு எழுதினீக? யாரும் கேக்கலயே" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"பாத்தத மறைச்சா, நாளைக்கு நான் சொல்ற எதையும் நம்பமாட்டாகண்ணே. அப்புறம் மீனுக்காகப் பேச ஆளே இருக்காது."

பஸ் வந்துவிட்டது.

அடுத்த மாதம் மடுவில் பொக்லைன் இறங்கியது. மருத மரத்தின் வேரோடு சேர்த்து அள்ளினார்கள். மூன்றே நாள் வேலை. சனிக்கிழமை நாங்கள் போனபோது பெரிய பள்ளமும் செம்மண் தண்ணீரும்தான் கிடந்தது. டீச்சர் வழக்கம்போல் குப்புறப் படுக்கப் பாறையைத் தேடினார். பாறையும் இல்லை. மண்மேட்டில் நின்றபடியே சைபர் போட்டார்.

கண்மாய் மடைக்குழியிலும் சைபர்தான். அதற்கு அடுத்த மாதமும் சைபர். ஏழு மீனை ஜிலேபிக்கும் விராலுக்கும் நடுவில் விட்டால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? டீச்சருக்கு அது புரியவில்லை. எப்படிப் புரியும்? நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிசலில் வரும்போது திடீரென்று கேட்டார்.

"அண்ணே, நான் அன்னைக்கு உண்மையிலேயே பாத்தேனா?"

"என்ன டீச்சர்?"

"அந்த வாரம் ஊசி போட்டிருந்தாக. அந்த மருந்து ஆளக் கிறுகிறுன்னு ஆக்கிரும். நான்தான் வேற மீனப் பாத்து ஆசையில தப்பா எழுதிட்டேனோ? தப்பா எழுதித்தான் மடு போச்சோ?"

"நானும் பாத்தேனே டீச்சர். ஏழு மீனு."

"நீங்க பாத்தீகள்ல? அப்பச் சரி" என்றார். என் வார்த்தையைக் கேட்டு நிம்மதியானார். அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கடைசியாக மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கம்பத்தில் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் பாடம் செய்துகொண்டே போனேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் படுக்கையில் சின்னப் பிள்ளை அளவுக்கு ஆகியிருந்தார். என்னைப் பார்த்ததும் தம்பி மனைவியிடம் "எங்கண்ணன் வந்திருக்காக" என்றார்.

"இந்த மாசம் பாத்தீகளாண்ணே?"

"பாத்தேன் டீச்சர். சைபர்."

"தேதி போட்டீகளா?"

"போட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவரை எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை என்று வெளியே வந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு நாள் கழித்துச் செய்தி வந்தது.

போன மாதம் அந்தக் கல்லூரிப் பெண் வந்தபோது டீச்சரின் நோட்டுகளையும் கொண்டுவந்திருந்தது. இனிமேல் அவர்கள்தான் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். எண்ணிக் கொடுக்கிற வேலை எனக்கு. ஏழு மீன் அகப்பட்ட மாதத்துப் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். ஏழு என்று இருந்தது. அதற்குக் கீழே டீச்சரின் நடுங்கிய கையெழுத்தில் மூன்று வரி. முதல் வரி: முதுகு கறுப்பாக இருக்கிறது, மடு மீன் போல, ஏன்? இரண்டாவது வரி: யாராவது கொண்டுவந்து விட்டார்களா? மூன்றாவது வரி: பார்க்கவில்லை, தெரியாது என்கிறார். அதற்கு எதிரே, சொன்னவர் என்று என் பெயர்.

டீச்சர் கண்ணுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தன் கண் சொன்னதையும் எழுதினார், நான் சொன்னதையும் எழுதினார். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டியபோது தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார்.

ஆகவே நோட்டை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஏழில் கை வைக்க வேண்டாம். டீச்சர் பார்த்தது ஏழு, அளந்தது ஏழு. அவர் கண்ணிலும் தப்பில்லை, மருந்திலும் தப்பில்லை. மூன்றாவது வரியை மட்டும் திருத்த வேண்டும். ரப்பரால் அழிக்காதீர்கள். குறுக்கே ஒரே கோடு போடுங்கள், நான் சொன்ன பொய்யை நாளைக்கு வருகிறவர்கள் படிக்கிற மாதிரி இருக்கட்டும். பக்கத்தில் இப்படி எழுதுங்கள்:

மடுவிலிருந்து ஒன்பது எடுத்தேன். இரண்டு செத்தது. ஏழை மடைக்குழியில் விட்டேன். விட்டவர், சொன்னவர் இரண்டு இடத்திலும் என் பெயரைப் போடுங்கள்.

இன்று காலையிலும் பரிசலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து எழுத உட்கார்ந்தேன். கண்மாய் முக்கால் நிறைந்திருக்கிறது. தண்ணீர் கலங்கல், தட்டு இரண்டு முழத்தில் மறைகிறது. இப்போது என் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் எழுத முடிகிறது. மடைக்குழியில் கைவலை மூன்று தடவை போட்டேன். பொட்டுக்கெண்டை சைபர்.

தேதி: 1-11-2025, சனிக்கிழமை.